நெடுந்தீவுப் பாடகர் மலாக்கி தேவன்

மலாக்கி டெவேன் பாடத் தொடங்கினால் அந்த அறைக்குள் கடல் ஏறும். கதவாலும் வராது, யன்னலாலும் வராது. தரையே வியர்ப்பதுபோல முதலில் ஓர் ஈரம் தெரியும், பிறகு ஒரு விரற்கடைத் தண்ணீர், பிறகு கணுக்கால், பாட்டு நீளமானதென்றால் முழங்கால். உப்புக் கடல்தான், சந்தேகம் வேண்டாம். நாக்கில் வைத்தால் கரிக்கும், காலில் பாசி சுற்றும், ஓரத்தில் ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்துபோய்க் கதிரைக் காலைக் கிள்ளிப் பார்க்கும். ஒஸ்லோவில் இப்போது இது ஒரு செய்தியல்ல. பனிக்காலத்தில் பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டும், ஹவுகெட்டோவில் ரயில் நிற்கும், மலாக்கி பாடினால் கடல் வரும், அவ்வளவுதான். ஆனால் இது பெரிய செய்தியாக இருந்த காலம் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் அந்த மனிதன் பட்ட பாடு என்ன, அது எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வசதியாக உட்கார்ந்து கேளுங்கள், கதை நல்லபடியாகத்தான் முடியும்.

அவன் பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இனிஷ்டோரன் என்ற தீவில். அயர்லாந்தில் பிறந்தவன் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. அயர்லாந்து என்பது படகில் ஏறிப் போய்க் காலணி வாங்குகிற இடம், தீவு என்பது வேறு. ஏழு வயதில் ஒரு கலியாண வீட்டில் முதன்முதலாகப் பாடினான். அன்றே கடல் வந்தது. ஆனால் அந்தத் தீவில் சமையலறைத் தரையெல்லாம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், வலையிலிருந்து சொட்டும், நாயிலிருந்து சொட்டும், ஆட்களிலிருந்தும் சொட்டும். ஆகவே ஒருவரும் கீழே பார்க்கவில்லை. பாட்டு முடியும்வரை இருந்தார்கள், முடிந்ததும் பையன் நன்றாகப் பாடுகிறான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பதினெட்டு வயதில் நகரத்துக்குப் பாடப் போனபோதுதான் இது எல்லோருக்கும் நடக்கிற விடயமல்ல என்று அவனுக்கே தெரிய வந்தது.

நகரத்து மதுச்சாலைகளில் அவனுக்கு நல்ல பெயர் கிடைத்தது, கெட்ட பெயரும் கிடைத்தது, இரண்டும் ஒரே இரவில் கிடைக்கும். முதல் இரண்டு அடிக்கு மக்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். மூன்றாம் அடியில் ஒரு பெண் காலைத் தூக்குவாள். ஐந்தாம் அடியில் எல்லோரும் கதவடியில் நிற்பார்கள். ஆறாம் அடியைச் சுவர்களுக்குத்தான் பாட வேண்டும், சுவர்களும் ஊறிப்போயிருக்கும். மறுநாள் முதலாளி துடைப்பத்தோடு நின்றுகொண்டு, தம்பி, குரல் நல்ல குரல்தான், ஆனால் கம்பளம் நாறுகிறது என்பார். ஒரு இசைத்தட்டும் வெளிவந்தது. அந்தத் தட்டைப் போட்டால் கடல் வராது, வீட்டுப் பூனை மட்டும் எழுந்து மீன் தேடும். பூனை வைத்திருந்தவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அப்படியே ஸ்கொட்லாந்து, பிறகு டென்மார்க், பிறகு ஒரு கோடைவிழாவுக்காக நோர்வேயின் திராமன் நகரம் என்று, ஈரமான சப்பாத்தோடு அவனுடைய பெயர் வடக்கே நகர்ந்தது.

திராமனில் ஆற்றங்கரைக் கூடாரமொன்றில் அவன் பாடியபோது வழமைபோல எல்லோரும் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி மட்டும் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹன்னா, ரயிலில் பயணச்சீட்டுப் பார்க்கிற வேலை. பாட்டு முடிந்ததும், இன்னொன்று உண்டா என்று கேட்டாள். அடுத்த வசந்தத்தில் கலியாணம். ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில் ஹவுகெட்டோவில் இரண்டாம் மாடியில் குடியேறினார்கள். கீழ் வீட்டுக்காரருக்குத் தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் இருந்ததால் அவர் முறைப்பாடு செய்யவில்லை.

ஒஸ்லோவின் மதுச்சாலைகள் சில ஆண்டுகள் அவனைப் பொறுத்துக்கொண்டன. பிறகு காப்புறுதிக்காரர்கள் வந்தார்கள், மரத்தரை நிபுணர்கள் வந்தார்கள். மண்டபங்களைப் பார்த்துக்கொள்ளும் வக்ட்மெஸ்டர்மார் தங்களுக்குள் கதைத்து வைத்துக்கொண்டார்கள். எந்த மண்டபமானாலும் சரி, அந்த ஐரிஷ் பாடகனுக்கு மட்டும் திறப்பதில்லை என்று. காட்டுக்குள் ஏரிக்கரையில் பாடிப் பார்த்தான். ஏரித் தண்ணீர் உப்பாகி நன்னீர் மீன்கள் தலையை வெளியே நீட்டி இருமின, நகரசபை அதையும் தடுத்தது. இப்படியாகப் பாட்டுக்காரன் பாடுவதை நிறுத்தினான். நிறுத்தியபின்தான் உப்புத் தொடங்கியது. காலையில் எழுந்தால் சட்டைக் கழுத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஹன்னா உருளைக்கிழங்கு அவிக்கும்போது கடை உப்பைத் தேடமாட்டாள், கணவனின் சட்டைக் கழுத்தைப் பானைக்கு மேல் உதறுவாள். ஆனால் குரல் மெல்ல மெல்லக் கரகரத்து, கடைசியில் காதோடு காதாகச் சொன்னால்தான் கேட்கும் என்றாயிற்று.

மருத்துவமனையில் தொண்டைக்கு விளக்குப் பிடித்துப் பார்த்த மருத்துவர் இடுக்கியால் ஒரு உப்புக்கல்லை எடுத்துத் தட்டில் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது. “பாதியில் நின்ற பாட்டுகள்” என்றார் அவர், சளி என்று சொல்வதுபோல. “முடிக்காமல் விட்ட அடிகளெல்லாம் இங்கே தங்கியிருக்கின்றன. வெட்டி எடுக்க முடியாது, கரைக்கத்தான் வேண்டும். நீளமான பாட்டொன்றை ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் கடைசி அடி வரைக்கும் பாடுங்கள். ஒருவரும் எழுந்து போகக் கூடாது. இந்தக் கோடைக்குள் செய்யாவிட்டால் தொண்டை மூடிவிடும்.” அன்று மாலையே ஹன்னா கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாள். கரைந்தது உண்மைதான், ஆனால் ஒரு சோடிக் காதுக்கு ஒரு சிட்டிகை உப்புத்தான் கரைந்தது. அவன் தொண்டைக்குள் இருந்தது ஒரு மூட்டை.

அந்த நாட்களில் அவன் ஹவுகெட்டோவில் ஒரு சிறுபிள்ளைகள் பள்ளியில் சமையலறை வேலை பார்த்தான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனஸ்ரேசியா யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவில் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், நாளெல்லாம் இருபது பிள்ளைகளுக்குக் கையுறை போட்டுக் கழற்றி விரல்களெல்லாம் கொக்கிபோல வளைந்தவர். ஒருநாள் ஜூலியா என்ற நாலு வயதுக் குழந்தை தாய் வரப் பிந்தியதற்காக வாசலில் நின்று ஓவென்று அழுதது. வேறு வழி தெரியாமல் மலாக்கி அதன் பக்கத்தில் குந்தி, கிடந்த குரலில் ஒரு தாலாட்டை முணுமுணுத்தான். கடல் வந்தது. இங்கேதான் பாருங்கள், நோர்வேயில் பிள்ளைகளுக்கு எப்போதும் ரப்பர் சப்பாத்தும் மழைக் காற்சட்டையும் மாட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு பிள்ளையும் பயப்படவில்லை, இருபது பேரும் சளக் சளக்கென்று மிதித்துச் சிரித்தார்கள். அனஸ்ரேசியா ஓடிவந்து பார்த்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். தண்ணீரில் விரலை விட்டு நக்கினார். பிறகு உடுப்பு அலுமாரிக்குக் கீழே ஒதுங்கிய ஒரு நண்டைப் பின்பக்கமாக, ஓட்டின் ஓரத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நோர்வே மொழியில் கேட்டார்.

“நீங்கள் அயர்லாந்து இல்லையா?”

“இல்லை” என்றான் மலாக்கி காற்றுக் குரலில். “தீவு.”

அனஸ்ரேசியாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முப்பது வருடமாக அவரை யாராவது யாழ்ப்பாணமோ என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலும் அதுதானே. இல்லை, தீவு. பொறுப்பாசிரியை வந்து, தரைக்குள் சூடாக்கும் கம்பி போகிறது, இனி உள்ளே பாட வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார். தாலாட்டும் அதோடு நின்றது, இன்னொரு உப்புக்கல் கூடியது. ஆனால் நண்டு அனஸ்ரேசியாவின் பையில் வீட்டுக்குப் போனது.

அவருடைய கணவர் பிலேந்திரன் பேருந்து ஓட்டுநர், வாயைத் திறந்தால் பகிடி. சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், அந்தப் பெரிய கால்களின் கறுத்த நுனியைக் கண்டு, “என்னப்பா, நண்டு நகத்துக்குச் சாயம் பூசியிருக்கு? கலியாண வீட்டுக்குப் போற வழியிலையே பிடிச்சனீர்?” என்றார்.

“பகிடி இருக்கட்டும். இஞ்சை ஒரு தீவான் இருக்கிறான். பாட இடமில்லாமல் தொண்டை அடைச்சுப்போய்க் கிடக்கிறான்.”

“எந்தத் தீவான்?”

“வெள்ளைக்காரத் தீவான்.”

“தீவானெண்டால் சரி” என்றார் பிலேந்திரன். “அந்தோனியாருக்குக் கொண்டாருமன்.”

ஒஸ்லோ நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் அந்தோனியார் திருநாளைக் கொண்டாடுவார்கள். காலையில் பூசை, மாலையில் பியோர்ண்டாலில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் கலை நிகழ்ச்சி. நிகழ்ச்சியை அறிவிப்பவர் இராசதுரை. அவர் தீவுமல்ல, கத்தோலிக்கருமல்ல, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஆள். ஆனால் அப்படிக் கணீரென்ற குரல் ஒஸ்லோத் தமிழருக்குள் வேறு யாருக்கும் இல்லாததால், கோயில் தேருக்கும் அவர்தான், அந்தோனியாருக்கும் அவர்தான். தீவாரைச் சீண்டாமல் அவரால் ஒரு வசனம் கதைக்க முடியாது, தீவாரும் அதைக் கேட்காவிட்டால் திருநாள் களை கட்டவில்லை என்பார்கள். அவருக்கு அனஸ்ரேசியா தொலைபேசி எடுத்தார்.

“இராசதுரையண்ணை, எங்கட பக்கத்தாலை இன்னும் ஒராள் பாடுறார். பேரைக் குறியுங்கோ. மலாக்கி டெவேன்.”

“ஆர், மலாக்கி தேவனோ?”

“ஓம், அவர்தான்.”

“எவடம்?”

“தீவு.”

“அது விளங்குது தங்கச்சி. மலாக்கியெண்டு வேறை எங்கை பேர் வைப்பினம்? எந்தத் தீவெண்டு கேட்டனான். நெடுந்தீவோ?”

அனஸ்ரேசியா பொய் சொல்லாதவர். “நெடுந்தீவிலும் பாக்க இன்னும் அங்காலை” என்றார்.

“நெடுந்தீவுக்கு அங்காலை என்னெண பிள்ளை கிடக்கு, தண்ணிதானே!” என்று சிரித்த இராசதுரை, நெடுந்தீவு என்றே முடிவு கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குள் மலாக்கியும் உண்டு, தேவனும் ஏராளம். இரண்டையும் சேர்த்துக் கேட்ட ஒரு தமிழனுக்கு வேறென்ன தோன்றும்? திருநாளன்று மண்டபத்தின் வக்ட்மெஸ்டர் ஆன்ட்ரியாஸ் சாவிக்கொத்தோடு வந்து, பாடப்போவது யார் யார் என்று வழக்கம்போலக் கேட்டபோதும் இராசதுரை நெஞ்சில் கையை வைத்து, எல்லாம் எங்கள் ஆட்கள், ஒரு ஐரிஷ்காரனும் இல்லை என்று உறுதி சொன்னார். அவர் அறிந்தவரையில் அது முழு உண்மை. ஆன்ட்ரியாஸ் நிம்மதியாகத் தன் அறைக்குப் போய்க் கோப்பி ஊற்றினார்.

மலாக்கிக்கு அன்று காலையிலிருந்து ஒரு சொல்கூட வெளிவரவில்லை. ஹன்னாவின் கையைப் பிடித்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் கழுத்தைத் தடவியபோது விரலில் கறுமுறுவென்று உப்பு உதிர்ந்தது. இன்று முடியாவிட்டால் இனி முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சிறுவர் நடனம் முடிந்தது. இராசதுரை ஒலிவாங்கியை ஒருமுறை தட்டினார். “தீவார் நேரத்துக்கு வரமாட்டினம், கேட்டால் படகு பிந்திப்போச்செண்டுவினம். ஒஸ்லோவிலை எங்கையடாப்பா படகு!” என்று சீண்டிவிட்டு, மேடைக் குரலுக்கு மாறினார். “அடுத்ததாக, நெடுந்தீவு மண்ணின் மைந்தர், இசைச்செல்வர், மலாக்கி தேவன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கின்றோம்!”

கடைசி வரிசையிலிருந்து ஆறடிக்கு மேலே வளர்ந்த, செந்தாடிக்குள் நரை விழுந்த, முகமெல்லாம் புள்ளியாய்ச் சிவந்த ஒரு வெள்ளைக்காரன் எழுந்து வந்தான். முழுச்சபையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. இராசதுரை கையிலிருந்த பெயர்த்தாளை இன்னொருமுறை பார்த்தார். அறிவித்ததை மாற்றிச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. “இந்த நாட்டுப் பனி” என்றார் ஒலிவாங்கியில், “ஆளை நல்லா வெளுத்துப்போட்டுது.” சிரிப்பு அடங்குவதற்குள் மலாக்கி கண்ணை மூடினான்.

அவன் எடுத்த பாட்டு இனிஷ்டோரன் தீவின் மிக நீளமான பாட்டு. ஒருவன் பெண் தேடித் தன் தீவையே படகில் சுற்றி வருகிறான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடி, ஒவ்வொரு அடிக்கும் கடைசியில் ஹேலி ஹோ என்று ஒரு தூக்கு. தீவில் எத்தனை வீடோ பாட்டில் அத்தனை அடி. தீவை விட்டு வந்தபின் ஆறாம் வீட்டுக்கு அப்பால் அவன் போனதில்லை. முதலாம் வீட்டை அவன் பாடியபோது குரல் அரிசி களைகிற சத்தம்போல் இருந்தது. இரண்டாம் வீட்டில் தரை வியர்த்தது. மூன்றாம் வீட்டில் கடல் வந்தது, மேற்கு அயர்லாந்தின் கடல், பல் கிடுகிடுக்கும் குளிர்.

அப்போது நடந்ததை அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணம், கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்து விருந்தாளிகள் ஐயோ என்று கதிரைகளில் ஏறினார்கள். இராசதுரையின் மனைவி யோகராணி காஞ்சிபுரச் சேலையோடு சுவரோரம் நின்ற, பிள்ளைகள் தாண்டிப் பழகும் உடற்பயிற்சிக் குதிரையில் தாவி ஏறினார், அவ்வளவு உயரத்துக்கு அவர் தாவியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் தீவார் ஒருவரும் எழவில்லை. தண்ணீர் காலைத் தொட்டதும் ஆண்கள் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்தார்கள், மறுகையால் காற்சட்டையைச் சுருட்டினார்கள். பெண்கள் சேலையைக் கொய்து முழங்காலுக்கு மேல் செருகினார்கள். கைப்பிள்ளை தோளுக்குப் போனது. இதற்கெல்லாம் அவர்கள் யோசிக்கவே இல்லை, கண்கள் மேடையை விட்டு நகரவும் இல்லை. இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவே முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள், சந்தைக்குப் போனவர்கள், கலியாணத்துக்குப் போனவர்கள். கால் நனைகிறதென்று எழுந்து போகலாம் என்ற எண்ணமே அந்தச் சனத்துக்கு வந்ததில்லை.

“அண்ணை, தண்ணி வருது!” என்று கதிரையில் நின்றபடி கத்தினார் ஒருவர்.

“வந்தால் வரட்டுமன்” என்றார் பிலேந்திரன் திரும்பாமல். “பாட்டைக் கேளும்.”

பதினோராம் வீட்டில் ஆன்ட்ரியாஸ் வந்து சேர்ந்தார். கோப்பிக் கோப்பையைச் சுற்றிப் பாசி மிதந்ததும் அவருக்கு விடயம் விளங்கியிருந்தது. கதவை உள்ளே தள்ளிக்கொண்டு நுழைந்தார், கதவு பின்னால் சாத்திக்கொண்டது, அதற்குமேல் தண்ணீரின் பாரத்தில் இழுக்க இழுக்க அது திறக்கவில்லை. ஸ்டொப், ஸ்டொப் என்று கத்தினார். பிறகு செய்யவேண்டியதைச் செய்தார், மின்சாரத்தை நிறுத்தினார். தண்ணீருக்குள் நிற்கிற சனத்துக்கு நடுவே கம்பி ஓடக்கூடாதல்லவா, அவரில் பிழையில்லை. ஆனால் ஒலிவாங்கி செத்ததும் மலாக்கியின் குரல் மூன்றாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை. பன்னிரண்டாம் வீட்டின் முன்னால் அது இழுபட்டது, சுரண்டியது, ஹேலி என்று தொடங்கி ஹோவுக்கு வராமலே நின்றது. ஹன்னா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தை அனஸ்ரேசியா பார்த்தார்.

நெடுந்தீவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடுகிறவன் இளைத்தால் சபை பார்த்துக்கொண்டிருக்காது, பிற்பாட்டு எடுத்துக் கொடுக்கும். அனஸ்ரேசியா எடுத்தார். ஹேலி ஹோ என்பது அவர் வாயில் வரும்போது ஏலேலோ என்று வந்தது, வேறெப்படி வரும்? பிலேந்திரன் சேர்ந்தார், முன்வரிசை சேர்ந்தது, பிறகு சப்பாத்தைக் கையில் பிடித்த முழுச்சபையும் ஏலேலோ என்று தூக்கிக் கொடுத்தது. மலாக்கி கண்ணைத் திறந்தான். தொண்டைக்குள் ஏதோ ஒன்று அசைந்து உருண்டது அவனுக்குத் தெரிந்தது. பதின்மூன்றாம் வீட்டைச் சொன்னான். ஏலேலோ. பதினாலாம் வீடு. ஏலேலோ. தண்ணீர் இளஞ்சூடாயிற்று, நெடுந்தீவுக் கடலும் வந்து சேர்ந்தது. கறுத்த நகநண்டுக்குப் பக்கத்தில் நீலக்கால் நண்டு வந்தது, சூடை மீன் கூட்டம் வெள்ளி ஊசிகளாய்க் கதிரைகளுக்கிடையே தைத்துப் போனது, ஒரு திருக்கை கைப்பந்துக் கோட்டின் மேல் பாய் விரித்ததுபோல் மிதந்தது. கதிரைக்கு மேலே நின்றவர்களில் முதலில் இறங்கியவர் இராசதுரை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் தேரை இழுக்கிற குரலில் அவரும் ஏலேலோ என்றார். யோகராணி உடற்பயிற்சிக் குதிரையில் இருந்தபடியே தாளம் போட்டார், ஏறி அவர் பக்கத்தில் இடம் பிடித்த ஆன்ட்ரியாஸ் முதலில் தலையில் கை வைத்திருந்தார், இருபதாம் வீட்டளவில் கையை எடுத்தார், முப்பதாம் வீட்டளவில் தொடையில் தட்டத் தொடங்கினார்.

ஒவ்வொரு வீடாக அந்தப் படகுக்காரன் கதவைத் தட்ட, ஒவ்வொரு அடியாக மலாக்கியின் குரல் திறந்தது. முதலில் மணல் போனது, பிறகு கரகரப்புப் போனது, கடைசி வீடுகளில் அது இருபது வயதுக் குரலாகி, ஒலிவாங்கி இல்லாமலே மண்டபத்தின் யன்னல்களை அதிர வைத்தது. கடைசி அடியில் தீவு முழுதும் சுற்றிக் களைத்த படகுக்காரன் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். அடுத்த வீட்டு வாசலில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். அந்த மொழி தெரியாத சபைக்கு ஹன்னா அதை நோர்வே மொழியில் சத்தமாகச் சொன்னாள், முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கடைசி ஏலேலோ அந்தச் சிரிப்புக்குள்ளேதான் முடிந்தது.

முடிந்ததும் கடல் போயிற்று. மெல்ல வற்றியதல்ல, விருந்து முடிந்த ஆள் விடைபெறுவதுபோல ஒரே மூச்சில் தரைக்குள் போயிற்று. மீன்கள் தங்கின. ஆன்ட்ரியாஸ் குதிரையிலிருந்து இறங்கி, முழங்காலில் குந்தி, மரத்தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஒரு பலகைகூட உப்பவில்லை, ஒரு கோடுகூட அழியவில்லை, மெழுகு பூசியதைவிடப் பளபளத்தது. அப்போதுதான் இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் விளங்காத விடயம் எல்லோருக்கும் விளங்கிற்று. பாதியில் நிறுத்திய பாட்டின் கடல்தான் தங்கி நாறுகிறது, முழுதாகக் கேட்ட பாட்டின் கடல் தானே எழுந்து போய்விடுகிறது. கம்பளங்களைக் கெடுத்தது பாடகன் அல்ல, எழுந்து ஓடியவர்கள். ஆன்ட்ரியாஸ் மலாக்கியிடம் போய்க் கையை நீட்டினார். மலாக்கி நன்றி என்று சொன்னான். அந்த நன்றி வாசல்வரை கேட்டது. ஹன்னா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், இடையிடையே சிரித்தாள்.

அன்று திருநாள் விருந்துக்குப் புட்டும் இறைச்சிக்கறியும் ஏற்பாடாகியிருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. பெண்கள் சேலையை இறக்கிவிட்டுப் பொறுக்கிய நண்டிலும் மீனிலும் பனங்கிழங்கு மாக் கரைத்து ஒடியல் கூழ் காய்ச்சினார்கள், இரண்டு கடலும் ஒரே பானைக்குள் கொதித்தன. ஆன்ட்ரியாஸ் நாலு கிண்ணம் குடித்தார், உறைப்புக்கு மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடித்தார். யோகராணி, “இந்தத் தீவாற்றை கூழிலை உறைப்புக் கூட” என்று குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

மறுநாள் ஆன்ட்ரியாஸ் மற்ற வக்ட்மெஸ்டர்மாருக்குத் தொலைபேசி எடுத்தார். அதன்பின் மலாக்கி டெவேனுக்கு ஒஸ்லோவில் திறக்காத மண்டபம் இல்லை. நிபந்தனை ஒன்றுதான், பாட்டுத் தொடங்கினால் கடைசி அடிவரை ஒருவரும் எழக்கூடாது. பேர்கனுக்கும் துரொண்ட்ஹெய்முக்கும் கூப்பிட்டார்கள், அயர்லாந்தில் அவனைத் துரத்திய மதுச்சாலைகளும் கூப்பிட்டன. அவன் எங்கே போனாலும் பிற்பாட்டுக்கு நெடுந்தீவுக்காரர் நாலுபேர் கூடப் போவார்கள், பிலேந்திரன் பேருந்து ஓட்டுவார். சொந்த ஊரான இனிஷ்டோரனிலும் போய்ப் பாடினார்கள். அங்கே கிழவர்கள் கால்களைக் கழுவிக்கொண்டு, இந்தக் கறுத்த ஆட்கள் எந்தத் தீவு என்று கேட்டார்களாம். இன்னும் அங்காலே என்று அனஸ்ரேசியா சொன்னாராம். இராசதுரை இன்றுவரை தன் அறிவிப்பை மாற்றவில்லை. யாராவது வாதாடினால், மலாக்கி தேவனுடைய தகப்பன்வழி நெடுந்தீவு மேற்கு, தாய்வழியை விசாரிக்க வேணும் என்பார். முதிய தமிழர் சிலர் மலாக்கியைக் கண்டால், தம்பி நீர் எந்த வட்டாரம் என்று கேட்பதும் உண்டு. அவன் யோசித்துவிட்டு, கடைசி வட்டாரம் என்று தமிழில் சொல்வான், அந்தளவு தமிழ் அவனுக்கு வந்துவிட்டது.

இப்போது அவனுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிறான் என்று ஹன்னா எல்லோரிடமும் முறையிடுகிறாள், முறையிடும்போது அவள் முகம் மலர்ந்திருக்கும். போன மாதம் ஹோல்ம்லியாப் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் பாடினான். சென்னையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த கணினிப் பொறியாளர் ஒருவர் பளபளக்கும் தோல் சப்பாத்தோடு அனஸ்ரேசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் அடியில் அவர் குனிந்து பார்த்தார்.

“அம்மா, எங்கேயோ பைப் உடைஞ்சிருச்சு போல. தண்ணி வருதுங்க.”

“பைப் இல்லைத் தம்பி, பாட்டு” என்றார் அனஸ்ரேசியா. “சப்பாத்தைக் கழட்டிக் கையிலை பிடியும்.”

“எவ்ளோ நேரம் இருக்கும்?”

“சின்னப் பாட்டுத்தான். இன்னும் ஒம்பது வீடு.”

பொறியாளர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். அவரும் கழற்றினார். காலுக்கிடையே ஒரு விளைமீன் உரசிக்கொண்டு போனது, அதற்கு வழி விட்டு அவர் காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார். அன்று விளைமீன் நிறைய வந்தது. பாதியைப் பொரித்தார்கள், பாதியைக் குழம்பு வைத்தார்கள்.